வண்டியில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை

கம்பெனி குவார்ட்டர்ஸ் வாசலில், சிமெண்டுத் தரையில், என் கணவர் சாக்கட்டியால் ஒரு நீள்சதுரம் வரைந்தார். நீளம் பதினோரு அடி, அகலம் ஆறு அடி. டேப்பை வைத்து இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதான் வண்டி. இதுக்குள்ள எது நிக்குதோ அதான் நம்மளோட வரும்" என்றார்.

வீட்டுச் சாமான்களை எல்லாம் நாங்கள் ஏற்கனவே வெளியே எடுத்து வைத்திருந்தோம். பீரோ, இரும்புக் கட்டில், மாவு அரைக்கும் கல், கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்கள், சுவர்க் கடிகாரம், அக்காவின் கால் தையல் மெஷின். வெயிலில் பார்த்தபோது எல்லாமே பழசாகத் தெரிந்தன. வீட்டுக்குள் இருந்தவரை அப்படித் தெரிந்ததில்லை.

ஷூ கம்பெனி மூடின கதையை இந்தத் தொடரில் போன வாரம் எழுதினேன். ஆம்பூரில் அப்போது பெரிய யூனிட்டுகள் ஒவ்வொன்றாக ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. இவர் அங்கே தையல் மெஷின் மெக்கானிக். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். ஆனால் பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று கூலிக்கு ஷூ தைத்துக் கொடுக்கிற சின்னச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகள் முளைத்திருந்தன. பத்து மெஷின், பதினைந்து மெஷின். அவர்களால் சம்பளத்துக்கு மெக்கானிக் வைக்க முடியாது. "நாமளே வாசல்ல போய் நிக்கலாம். வண்டியிலயே இருந்துக்கலாம். ஒரே ஒரு வருஷம்" என்றார் இவர்.

கோட்டுக்குள் முதலில் டூல் பெட்டிகள் போயின. பிறகு ஸ்பேர் பார்ட்ஸ் டிரங்குப் பெட்டி. ஒற்றை பர்னர் அடுப்பு, இரண்டு குடம், ஒரு அலுமினியக் கூடையில் பாத்திரங்கள். ஓரத்தில் நாங்கள் படுப்பதற்கு ஒரு பலகை. அவ்வளவுதான். நடக்க ஒன்றரை அடி மிச்சம்.

அப்போது கிரேஸ் அக்கா உள்ளேயிருந்து ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். கிரேஸ் அக்கா இவருடைய கூடப் பிறந்தவர், எட்டு வயது மூத்தவர். கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, டிரங்குப் பெட்டிக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த அந்த ஒன்றரை அடியில், ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்துக் காட்டினார்.

"எனக்கு இவ்ளோ போதும்டா சீலா" என்று தம்பியிடம் சொன்னார்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் டூல் பெட்டியைப் பார்த்தேன்.

ஞாயிறு மத்தியானம்

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இவருடைய அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலை. இவருக்கு எட்டு வயதாகும்போது அப்பாவும், அடுத்த வருஷமே அம்மாவும் போய்விட்டார்கள். அக்காவுக்குப் பதினேழு வயது. உள்பாவாடை தைத்து, ஜாக்கெட் தைத்து, சர்ச் ஸ்கூலில் தம்பியைப் படிக்க வைத்தார். மெஷினைக் கழற்றி மாட்ட இவர் கற்றுக்கொண்டது அக்காவின் மெஷினில்தான்.

அக்காவுக்கு வலிப்பு இருந்தது. ஒரே ஒரு தடவை பெண் பார்க்க வந்தார்கள். காபி டம்ளரோடு கூடத்துக்கு வந்த இடத்திலேயே விழுந்துவிட்டாராம். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

இவருக்குக் கம்பெனியில் குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அதற்குச் சுண்ணாம்பு அடித்தது அக்கா. சமையலறை அலமாரிக்கு நியூஸ்பேப்பர் வெட்டி விரித்தது அக்கா. பிறகுதான் நான் கல்யாணமாகி வந்தேன். ஒரு ரூம், ஒரு சமையலறை. அக்கா சமையலறையில் பாய் போட்டுப் படுப்பார். ரூமுக்குள் வருவதற்கு முன்னால் ஒரு தடவை இருமுவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் வந்த பிறகும் அக்கா வர மாட்டார். காலி சர்ச்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். எங்களுக்காகத்தான். அது எனக்குத் தெரியும்.

அந்த நல்ல குணமே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏழு வருஷம். குழந்தை இல்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். ஒரு மூன்றாவது ஆளின் இருமல் சத்தத்தைக் கேட்டபடி எப்படிக் குழந்தை வரும் என்று நான் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

கண் டாக்டர் வண்டி

வண்டி முன்பு கிராமங்களுக்குப் போய்க் கண் பரிசோதனை செய்துகொண்டிருந்தது. ஏலத்தில் வந்தது. சைடில் வரைந்திருந்த பெரிய கண்ணை இவர் பெயிண்டால் மறைத்தார். இரண்டு கோட்டிங் அடித்தும் கருவிழி மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. உள்ளே பின்கதவில், மேலே பெரிசாக ஆரம்பித்துக் கீழே வரவரச் சின்னதாகும் எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஸ்பிரிட் வாசனை போகவே இல்லை. டேனரி நாற்றத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது ஆஸ்பத்திரியில் குடியிருப்பது போல இருந்தது.

அந்த வண்டி எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல வேண்டும். நர்சரி ஸ்கூலில் எல்.கே.ஜி. டீச்சர் வேலையை விட்டுவிட்டு வருகிறோமே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கதவைச் சாத்தினால் உள்ளே நானும் இவரும் மட்டும். அதற்காக எதை வேண்டுமானாலும் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றிருந்தது. பீரோவைக் கொடுத்தேன். எங்க அம்மா போட்ட பித்தளை அண்டாவைக் கொடுத்தேன். துக்கம் என்று ஒன்றும் வரவில்லை.

நான் சொன்னது

அக்கா கோட்டுக்குள் படுத்துக் காட்டிய அன்று மத்தியானம், கிணற்றுப் பக்கம் இவர் கை கழுவும்போது நான் பின்னாலேயே போனேன்.

"அக்கா வண்டியில வேணாங்க."

இவர் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"வலிப்பு வந்தா இன்னா பண்றது. உள்ள அடுப்பு இருக்குது. ரோட்ல நிக்குற வண்டி. இறங்கும்போது விழுந்துட்டாங்கன்னா?"

"வேற எங்க இருப்பா?"

"திமிரி பக்கத்துல ஹோம் ஒண்ணு இருக்குதுன்னு ஐயரம்மா சொன்னாங்க. நர்ஸ் இருக்காங்களாம். வேளைக்கு மாத்திரை குடுப்பாங்களாம். ஒரு வருஷந்தானே."

ஐயரம்மா என்றால் எங்கள் பாஸ்டரின் மனைவி. அவரிடம் நான் பத்து நாள் முன்பே விசாரித்து வைத்திருந்தேன். அதை மட்டும் இவரிடம் சொல்லவில்லை.

நான் சொன்ன காரணம் எதுவும் பொய்யில்லை. வலிப்பு உண்மை. அடுப்பு உண்மை. அக்கா ஒரு தடவை அடுப்பின் மேல் விழுந்து முழங்கை வெந்துபோனதும் உண்மை. உண்மையை மட்டும் வைத்தே ஒரு ஆளை வீட்டைவிட்டு அனுப்ப முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தபோது இவரிடம் சொன்னேன். "எழுது. ஆனா நான்தான் கொண்டுபோய் வுட்டேன்னு எழுது. நீ சொன்னதா எழுதாத. நம்ம ஜனங்க படிப்பாங்க" என்றார். ஊரில் எல்லாரும் இத்தனை வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவரும் அதை மறுத்ததே இல்லை. கொண்டுபோய் விட்டது இவர்தான். சொன்னது நான்.

ஷமீம் ஆப்பா

சாமான் வாங்க வந்தவர்களில் ஷமீம் ஆப்பாவும் ஒருவர். ஆப்பா என்றால் அவர்கள் பாஷையில் அக்கா. பக்கத்துத் தெரு. அவர் கணவர் தோல் மண்டியில் எடை போடுகிறவர், வீட்டில் நான்கு பிள்ளைகள். மாவுக் கல்லை மகன்களை விட்டுத் தூக்கச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கிரேஸை ஹோம்ல வுடப் போறீங்களாமே?"

"ஆமா ஆப்பா. ஒரு வருஷம்."

"எதுக்கு பேஜார். எங்க வூட்ல இருக்கட்டும். பின்னாடி ரூம்ல மூத்தவ படிக்கிறா, கூடப் படுத்துக்கட்டும். மெஷினும் இங்கயே இருக்கட்டும், தெச்சுனு இருப்பாங்க. மாத்திரை நான் குடுக்குறேன்."

அவர் சும்மா சொல்லவில்லை. அக்காவுக்கு வலிப்பு வந்த இரண்டு தடவை நான் ஸ்கூலில் இருந்தபோது ஓடி வந்து பிடித்தவர் அவர்தான்.

நான் வேண்டாம் என்றேன். உங்களுக்குச் சிரமம் என்றேன். உண்மையில் நான் நினைத்தது வேறு. சொந்தத் தம்பி பொண்டாட்டி இருக்கும்போது துலுக்கர் வீட்டில் கொண்டுபோய் விட்டாள் என்று சர்ச்சில் பேசுவார்கள். ஹோம் என்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், அது ஊழியக்காரர்கள் நடத்துகிற இடம். அந்தக் கணக்கில் அக்கா யாரோடு இருந்தால் சந்தோஷமாக இருப்பார் என்ற கேள்வி வரவே இல்லை.

ஆப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரிம்மா. உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தெருவில் பார்த்தால் தலையசைப்பார். பேச்சு கம்மியாகிவிட்டது.

திமிரி ரோடு

தையல் மெஷினை சர்ச்சுக்குக் கொடுத்தோம். ஆள் வருவதற்கு முன்னால் அக்கா அதற்கு எண்ணெய் விட்டு, பழைய துணியால் பெடலைத் துடைத்து, ஊசியைப் புதிதாக மாட்டி வைத்தார். பாபினில் மிச்சமிருந்த நூலைக்கூட எடுக்கவில்லை.

புறப்படும் அன்று வாசலில் இருந்த சாக்கட்டிக் கோட்டையும் அக்காதான் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். "கம்பெனிக்காரன் இடத்த சுத்தமா குடுக்கணும்" என்றார்.

அந்த வண்டியில் அக்கா போனது அன்றைக்கு ஒரு நாள்தான். எங்கள் பலகையில் உட்கார்ந்துகொண்டார். ஆற்காடு தாண்டியதும் பின்கதவைப் பார்த்து, அந்த எழுத்துகளை மேலேயிருந்து கீழேவரை மெதுவாகப் படித்தார். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டார். "கண்ணு நல்லாத்தான் இருக்குது எனக்கு" என்றார்.

ஹோமில் ஒரு பெரிய கூடம், வரிசையாகக் கட்டில்கள். ஒரு ஆளுக்குக் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி. அக்கா கொண்டுபோயிருந்த பையைப் பிரித்து அங்கிருந்த வார்டன் அம்மா எதெது இருக்கலாம் என்று பார்த்தார். கத்தரிக்கோல் கூடாது. கண்ணாடி கூடாது. இவருடைய சின்ன வயசு போட்டோ ஒன்று, அம்மா அப்பாவோடு எடுத்தது, கண்ணாடி போட்ட ஃபிரேமில் இருந்தது. ஃபிரேமைக் கழற்றிப் போட்டோவை மட்டும் அக்கா கையில் கொடுத்தார்கள். ஃபிரேமை என்னிடம் கொடுத்தார்கள்.

"ஒரு வருஷந்தான்க்கா" என்றார் இவர்.

"நீ வேலையப் பாருடா. மெஷின்ல கைய வெக்கும்போது சுவிட்ச்ச ஆஃப் பண்ணிட்டு வெய்யி" என்றார் அக்கா. என்னைப் பார்த்து, "அவனுக்கு ரசத்துல புளி ஜாஸ்தி ஆகாது சுசீ" என்றார். எனக்குத் தெரியாததா அது. ஆனாலும் தலையாட்டினேன்.

விலாசம் இல்லாமல்

ஒரு வருஷம் என்றது மூன்றரை வருஷம் ஆனது.

தண்ணீர்தான் முதல் கஷ்டம். அந்தப் பக்கத்தில் கிணறு பார்த்தால் ஆசையாக இறங்கிவிடக் கூடாது. பாதிக் கிணறுகளில் டேனரிக் கழிவு இறங்கித் தண்ணீர் மஞ்சளாக இருக்கும், சோப்பு நுரைக்காது, துணி காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். யூனிட்டுக்காரர்கள் லாரித் தண்ணீரில் இரண்டு குடம் கொடுத்தால் உண்டு. கக்கூசுக்குப் பெட்ரோல் பங்க். பங்க் பையன் முகம் சுளித்த நாட்களில் விடிவதற்கு முன்னால் முள்ளுக் காடு. பொம்பளை ஒருத்தி எவ்வளவு குறைவாகத் தண்ணீர் குடித்து ஒரு நாளைத் தள்ளலாம் என்று நான் கற்றுக்கொண்டேன். அதனால் வந்த சீக்கு இன்னும் என்னோடு இருக்கிறது.

ரேஷன் கார்டு போயிற்று. விசாரிக்க வந்தவர் குவார்ட்டர்ஸ் பூட்டியிருந்ததைப் பார்த்து எங்கள் பெயரை அடித்துவிட்டார். தாலுகா ஆபீசில் போய் நின்றேன். "எங்க குடியிருக்கீங்க?" என்றார் கிளார்க். வெளியே நின்ற வண்டியைக் காட்டினேன். "வண்டிக்கு டோர் நம்பர் கெடையாதும்மா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவர் ஃபாரத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

கதவைச் சாத்தினால் நானும் இவரும் மட்டும் என்று ஆசைப்பட்டேனே, அது நடந்தது. சாத்தின கதவுக்குள் இவர் பேசுவதை நிறுத்திவிட்டார். கோபம் என்று சொல்ல முடியாது. கேட்டால் பதில் சொல்வார். சாப்பிடுவார். பலகையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். நடுவில் இருந்த ஒன்றரை அடியில் நாங்கள் இருவருமே எதையும் வைக்கவில்லை. குழந்தை வரவில்லை. நாற்பதைத் தாண்டியபோது அந்தப் பேச்சையும் விட்டுவிட்டோம்.

முதல் வருஷம் மாதத்துக்கு ஒரு தடவை அக்காவைப் போய்ப் பார்த்தோம். பிறகு குடியாத்தம் பக்கம் வேலை அதிகமானது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆனது. அக்கா கடிதம் போடுவார், ஆம்பூர் பாஸ்டர் வீட்டு விலாசத்துக்கு. எங்களுக்கென்று வேறு விலாசம் ஏது. நாங்கள் போய் எடுக்கும்போது மூன்று நான்கு சேர்ந்திருக்கும். ஒரு கடிதத்தில் தைலம் வாங்கி வரச் சொல்லியிருந்தார். அடுத்ததில், தைலம் வேண்டாம், வலி நின்றுவிட்டது என்று எழுதியிருந்தார். இரண்டையும் ஒரே நாளில் படித்தோம்.

ஒரு தடவை போனபோது அக்காவுக்கு முன்பல் இரண்டு இல்லை. பாத்ரூமில் வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் வண்டியில் இருந்திருந்தாலும் விழுந்திருக்கலாம். திரும்பி வரும் வழியில் இவர் வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். நான் தோளில் கை வைத்தேன். இவர் அந்தக் கையை மெதுவாக எடுத்து என் மடியிலேயே திருப்பி வைத்தார்.

"இங்க வெக்கலாமா?"

புது நூற்றாண்டு பிறந்து ஒன்றிரண்டு வருஷம் கழித்து, ஆம்பூருக்கு வெளியே ஒரு புதுக் கம்பெனியில் இவருக்கு வேலை கிடைத்தது. இரண்டு ரூம் இருக்கிற வாடகை வீடு பார்த்தோம். பால் காய்ச்சிய அன்றைக்கே திமிரிக்குப் போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தோம். வண்டியை அதற்கு முன்பே ஒரு காய்கறிக்காரருக்கு விற்றாகிவிட்டது. பஸ்ஸில்தான் வந்தோம்.

அக்காவுக்குத் தனி ரூம். புதுக் கட்டில். இவர் சர்ச்சில் கெஞ்சிக் கூத்தாடி அந்தத் தையல் மெஷினையும் திரும்ப வாங்கிவந்து ஜன்னலோரம் போட்டார். அக்கா எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். "நல்லா இருக்குது" என்றார். தைக்கவில்லை. பிறகு தன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்று என்னைக் கேட்டார்: "சுசீ, இத இங்க வெக்கலாமா?"

அதோடு நிற்கவில்லை. குளிக்கப் போகட்டுமா. இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கட்டுமா. ஃபேன் போடட்டுமா. தட்டை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு அவசரமாகச் சாப்பிடுவார். மீனில் முள் எடுக்க அவ்வளவு நிதானம் காட்டுகிற அக்கா. சாப்பிட்டதும் தட்டைக் கழுவித் தன் ரூமுக்கே எடுத்துப் போய்க் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்வார்.

பழகிக்கொள்வார் என்று இவர் சொன்னார். அக்கா எங்களோடு அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தார். ஒரு ஆடி மாசம், காய்ச்சலில், இவர் மடியில் தலை வைத்துப் போனார். ஷமீம் ஆப்பா வந்து கால் மாட்டில் உட்கார்ந்து அழுதார். நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட அக்கா கேட்பதை நிறுத்தவில்லை.

அந்த வருஷங்களில் ஒரு காலை நேரம். இவர் டியூட்டிக்குப் போய்விட்டார். நான் பின்வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அக்கா துவைத்த புடவையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு கொடிக்குக் கீழே நின்றார். கொடி முழுக்கக் காலியாகக் கிடந்தது.

"சுசீ, இங்க காயப் போடட்டுமா?"

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது.

"எல்லாத்துக்கும் ஏன்க்கா என்னக் கேக்கறீங்க? இது உங்க வூடுக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. ஒரு சின்னப் பிள்ளைக்குத் தப்பாகச் சொன்ன கணக்கைத் திருத்துகிற மாதிரிதான் சொன்னார்.

"குவார்ட்டர்ஸும் என் வூடுதான் சுசீ."

புடவையிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் காலடியில் தரை நனைந்துகொண்டிருந்தது. நான் கீரைக் காம்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அக்கா மறுபடியும் கேட்டார்.

"போடட்டுமா?"

"போடுங்கக்கா" என்றேன்.